ரசமட்டத்தை நம்பிய காலை

குமிழி இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் வந்து நின்றது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் களத்தில் நான் மண்டியிட்டிருந்தேன். எதிரே என் மைத்துனனின் பழைய டிராக்டர். அதன் பின்னால் மாட்டிய புல்வெட்டியின் இரும்பு மூடிமேல், மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் குறுக்காக வைத்திருந்தேன். அந்தக் குமிழி கொடுத்த நிம்மதியை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை. அது நாற்பது நிமிடம்கூட நீடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நான் அங்கே ஸ்டோர் பொறுப்பாளர். எண்ணுவதுதான் வேலை, வேலை முடிந்தும் எண்ணுவேன். அந்த வருடம் மழை விட்டதும் கேட்டிலிருந்து ஷெட் வரை இடுப்பளவு புல். ஒரே மாதத்தில் ஏழு பாம்புகளை எண்ணினேன். எட்டாவது என் காலடியில்தான் இருக்கும் என்று தூக்கம் போயிற்று. கைக்கத்தியால் அறுக்கும் ஆட்கள் பாம்புக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். டிராக்டரில் வெட்டுகிற ஆள் கிடைத்தால் வருடம் முழுக்க வேலை தரலாம் என்றார் மேனேஜர். நான் மைத்துனன் பெயரைச் சொன்னேன்.

என் மனைவியின் தம்பி அவன். கடம்பத்தூர் பக்கம் நெல் விவசாயம். அறுவடை முடிந்தால் டிராக்டர் மாதக்கணக்கில் சும்மா நிற்கும். இடைக்காலத்துக்கு ஒரு வேலை அமையாவிட்டால் பள்ளிப்பட்டுப் புரோக்கரிடம் தள்ளிவிடுவதென்று முடிவு செய்திருந்தான். அந்த வண்டி போய்விட்டால் உழவுக்கு ஊரில் அடுத்தவன் வீட்டு வாசலில் நிற்கவேண்டும். அந்த நிலை அவனுக்கு வரக்கூடாது என்றுதான் என் மனைவி எனக்குத் தினமும் மூன்று வேளை நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். ஒரு கம்பெனி ஏலத்தில் விட்ட ஐந்தடி அகலப் புல்வெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் கிளம்பி, நான்கு மணி நேரம் ஓட்டி வந்து சேர்ந்தான். கொடிக்கம்பத்துக்கு முன்னால் ஐம்பது அடி வெட்டிக் காட்டவேண்டும். பிடித்தால் வேலை அவனுக்கு.

களத்தில் என்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் புல்வெட்டியின் அடியில் சுற்றும் கத்தியைத் தொட்டான். அதைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு முனையிலும் தரைக்கு மேல் விரல் வைத்து அளந்தான். இரண்டு பக்கமும் ஐந்து விரல். சரி என்றான். நான்தான் விடவில்லை. ஸ்டோரிலிருந்து ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்தேன். குமிழி வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. டிராக்டரின் பின்னால் புல்வெட்டியைத் தூக்கிப் பிடிக்கும் வலது கையில் ஒரு திருகுப்பிடி உண்டு. அதைத் திருகினால் அந்தப் பக்கம் ஏறும், இறங்கும். ஒன்பது சுற்று இறக்கச் சொன்னேன். குமிழி நடுவுக்கு வந்தது.

அவன் மறுபடி விரல் வைத்துப் பார்த்தான். "மாமா, வலது பக்கம் நாலு வெரலு, இடது பக்கம் ஆறு வெரலு நிக்குது. கோணலா கீது."

"வெரல் ஆளுக்கு ஆள் மாறும். ரசமட்டம் மாறாது மச்சான்."

அவன் தலையைச் சொறிந்தான். எங்கள் பக்கத்தில் அக்கா புருஷனிடம் ஒரு தரம்தான் எதிர்ப்பேச்சு பேசலாம். அவன் தன் பங்கைப் பேசி முடித்துவிட்டான்.

மேனேஜர் வந்தார். வெட்டத் தொடங்கி இருபது அடியிலேயே தெரிந்துவிட்டது. வலது பக்கம் கத்தி மண்ணையே சுரண்டிப் புழுதி கிளப்பியது. இடது பக்கம் புல் நிமிர்ந்து நின்றது. கேன்டீன் சமையல்காரர் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வேண்டிக்கினு அரை மொட்டை போட்டீங்களா? மீதிய அடுத்த ஆடிக்கா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. "நான் டீ குடிச்சுட்டு அரை மணியில வரேன். அப்பவும் இப்படியே இருந்தா வேற ஆளப் பார்க்கணும்" என்று போய்விட்டார்.

டிராக்டரைக் களத்துக்குத் திருப்பி, முன்பு நின்ற அதே இடத்தில் நிறுத்தினோம். மறுபடி ரசமட்டத்தை வைத்தேன். குமிழி அதே நடுவில். ரசமட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். அப்போது சமையல்காரர் அரிசி களைந்த அண்டாவைக் களத்தில் கவிழ்த்தார். வெள்ளைத் தண்ணீர் வலப்பக்கமிருந்து டிராக்டருக்கு அடியில் புகுந்து, ஒரு தயக்கமும் இல்லாமல் இடப்பக்கச் சாக்கடையை நோக்கி ஓடியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைத்தண்ணீர் தேங்குகிறதென்று மேஸ்திரியோடு சண்டை போட்டு, நான்கு அடிக்கு ஓர் அங்குலம் சரிவு வைக்கச்சொல்லி, டேப் பிடித்து அளந்து களத்தைப் போட வைத்தவனே நான்தான்.

"மச்சான், தப்பு என்னுது. தரை சரிவு" என்றேன்.

"அட, வுடுங்க மாமா. தரை கோணலா இருந்தா மெஷினும் அதுங்கூட சேந்து கோணலாத்தான் நிக்கணும். வெட்டப்போறது தரையைப் பாத்துதான, வானத்தைப் பாத்தா?"

திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் சிரித்துக்கொண்டே ஒன்பது சுற்றையும் திருப்பினான். இரண்டு பக்கமும் ஐந்து விரல். மேலே நடுவில் இருக்கும் இணைப்புத் தண்டை இரண்டு சுற்றுக் குறுக்கி, முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஒரு விரல் தாழ்வாக இருக்கும்படி வைத்தான். அப்போதுதான் ஒரு தரம் வெட்டிய புல்லைக் கத்தி மறுபடி அடிக்காதாம். பழைய வண்டியின் தூக்கும் கை ஓட ஓடத் தானாகவே இறங்கும்; நாலு விரல் உயரத்தில் நின்ற வலது பக்கம் மண்ணைச் சுரண்டியதும் அப்படித்தான். அதனால் இருபுறமும் சங்கிலி மாட்டினான். இரண்டிலும் கண்ணிகளை நான் எண்ணினேன். பதினொன்று, பதினொன்று. எனக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

இரண்டாவது தடவை நான் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் கிளட்சை மிதித்தாலும், சுற்றுகிற கத்தியின் வேகம் வண்டியை முன்னால் தள்ளும். காலையில் வந்து இறங்கியதுமே அவன் இதைச் சொல்லியிருந்தான். கம்பத்துக்கு இன்னும் இரண்டு வண்டி நீளம் இருக்கும்போதே கியரை விடுவித்தான். டிராக்டர் மெல்ல உருண்டு, ஒரு வண்டி நீளம் மீதியிருக்க நின்றது. பின்னால் ஐந்தடி அகலத்துக்குப் பாய் விரித்ததுபோல் புல்.

மேனேஜர் அதன்மேல் நடந்து போய்த் திரும்பி வந்தார். "இப்ப நல்லா இருக்கு. யாரு லெவல் பண்ணது?"

"மாமாதான் சார்" என்றான் மைத்துனன்.

நான் ரசமட்டத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். வேலை அவனுக்குக் கிடைத்தது. நான் ஓய்வுபெறும்வரை அந்த மேனேஜர் என் அளவுத் திறமையைப் பதினான்கு முறை பாராட்டினார். பதினான்கு முறையும் நான் தலையாட்டினேன். என் வீட்டிலும் நான் மட்டம் பார்த்துத்தான் அவனுக்கு வேலை கிடைத்தது என்ற கதைதான் ஓடியது.

இப்போது மைத்துனனுக்கு மூன்று தொழிற்சாலைகளில் புல் வேலை. அதே டிராக்டர்தான், பள்ளிப்பட்டுப் புரோக்கர் போன் செய்வதையே விட்டுவிட்டாராம். போன வாரம் அவன் வந்திருந்தபோது, உண்மையை எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்க மாமா. ஆனா அக்காவுக்குப் படிச்சுக் காட்டாதீங்க. பாவம், இத்தினி வருசமா உங்கள நம்பிக்கினு கீது."

மனசு கேட்கவில்லை. இதுவரை எழுதியதை இன்று காலை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கே தெரியும். நீங்க மட்டம் பாத்து வெச்ச பீரோ இன்னும் ஆடிக்கினுதான கீது? உங்க பேச்சைக் கேட்டு அவனுக்கு வேலை கெடைச்சிருக்குமா?" என்றாள்.