நாளைக்கு என்கிற மெக்கானிக்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் பெயர் கடைப் பலகையில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவன் 'நாளைக்கு'. மெஷினைக் கேட்டு யார் வந்து நின்றாலும் "நாளைக்கு வாங்க" என்பான். அந்த நாளை விடிந்ததே இல்லை. அதை அவனே சொல்லிச் சிரிப்பான். வேலை மட்டும் நடக்காது.

ஒரு சனிக்கிழமை மதியம், தையல்காரத் தோழியின் வீட்டில் ஆணுறை கிழிந்துவிட்டது. மோட்டாரையே கழற்றி மாட்டுகிற கைக்கு இதை ஒழுங்காக மாட்டத் துப்பில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"நான் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்ததே இல்ல. நீ?"

"நானும்தான்."

"வா, ரெண்டு பேரும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

தொட்டில் பழக்கம் விடுமா? "நாளைக்குப் போகலாம்" என்றான்.

வீட்டுக்கு வந்து, தோல் எரியும்வரை சோப்பு போட்டுத் தேய்த்தான். எல்லாம் போய்விட்டது என்று நிம்மதி வேறு. அழுக்குத் துணியோடு காலம் தள்ளுபவனுக்கு வேறு புத்தி எங்கிருந்து வரும்?

திங்கள் காலை அவளிடமிருந்து போன். ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போயிருந்தாள்.

"எனக்கு இருக்காம். மறுபடியும் பார்த்துட்டாங்க." அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னாள். "எனக்கு மருந்து ஆரம்பிச்சாச்சு. உனக்குத் தொத்தாம இருக்கவும் மாத்திரை இருக்காம். மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லதாம். ஓடு!"

ஓடினான். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவருக்கு இவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அவருடைய மெஷின் இவன் கடையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

"இன்னைக்கு டோக்கன் முடிஞ்சது. நாளைக்கு வாங்க" என்றார், மிட்டாயைச் சப்புவதுபோல.

தன் சொல் தனக்கே திரும்பி வந்ததும் அவன் கத்திவிட்டான்.

"நாளைக்கு ஆகாது சார்! ஆணுறை கிழிஞ்சிடுச்சு. எச்.ஐ.வி. வராம இருக்க மாத்திரை வேணும், இப்பவே!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மானம் கப்பலேறியது. கவுன்டர்காரரோ சிரிப்பை விட்டுவிட்டு எழுந்தார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாப்பா?" என்று கையைப் பிடித்து அவசரப் பிரிவுக்கு அவரே கூட்டிப் போனார்.

நர்ஸ் ரத்தம் எடுத்தார். முதல் மாத்திரையைத் தன் கண்முன்னாலேயே விழுங்க வைத்தார். "இருபத்தெட்டு நாள், ஒரு நாளும் விடக்கூடாது. அப்புறமும் டெஸ்டுக்கு வரணும். நீங்க சொன்ன மாதிரி சோப்பு போட்டுத் தேய்ச்சா தோல்தான் போகும், கிருமி போகாது."

குமட்டலோடு அத்தனை நாளும் விழுங்கினான். தள்ளிப்போடாமல் அவன் செய்து முடித்த முதல் வேலை அதுதான். கவுன்டர்காரரின் மெஷின் இரண்டாவது. மூன்று மாதம் கழித்து எடுத்த கடைசி டெஸ்டிலும் கிருமி இல்லை.

அன்று மாலை தோழியின் கதவைத் தட்டினான். மருந்தில் அவள் உடம்பு நன்றாகவே இருந்தது. கோபம்தான் ஆறவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல தனியா உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

"தப்புதான். உள்ள வரட்டுமா?"

"நாளைக்கு வா."

கதவு சாத்திக்கொண்டது. மறுநாள் காலை அவள் அதைத் திறந்தபோது, அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.