கடல் தாண்டிய சுயம்பாகி

திருவள்ளூரில் யதிராஜனைத் தெரியாதவர்கள் இருந்திருக்கலாம். அவர் கைப் புளியோதரையைத் தெரியாதவர்கள் இல்லை. பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்யும் சுயம்பாகி வேலை அவர் குடும்பத்துக்குப் பரம்பரையாக வந்தது. பங்காளிகள் முறை வைத்துக்கொண்டு சமைப்பார்கள். பங்காளிகள் என்றால் எல்லோருக்கும் ஒரே கொள்ளுத்தாத்தா, ஒரே முன்கோபம். யதிராஜனின் முறை நடக்கும்போது மட்டும் பிரசாத வரிசை குளத்தங்கரை வரை நீண்டுவிடும். அது அமாவாசைக் கூட்டம் என்பார் ஒன்றுவிட்ட சகோதரர் வரதன். எல்லா அமாவாசையும் யதிராஜன் முறையில்தான் வருகிறதா என்று அவரை யாரும் கேட்டதில்லை.

முறை இல்லாத நாட்களில் யதிராஜன் பாசஞ்சர் வண்டி பிடித்து மெட்ராஸ் போவார். அங்கே ஒரு மிஷன் கண் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கம்பவுண்டர் வேலை. மருந்து கலக்குவதும் கட்டுப் போடுவதும் அவர் பொறுப்பு. பாதிரிமார் நடத்தும் இடத்தில் சுயம்பாகிக்கு என்ன வேலை என்று பங்காளிகள் முனகியபோது அவருடைய அப்பா ஒரு பதில் சொல்லிவைத்தார். நம் பெருமாளுக்கே வைத்தியர் என்று பேர், அவருக்குச் சமைக்கிறவன் ஆஸ்பத்திரியில் இருந்தால் அவருக்கு ஆள் கூடுதல்தானே என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

அறுபத்தைந்தாம் வருஷம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு எத்தியோப்பியாவுக்குப் புறப்பட்டது. வெளிநாட்டு டாக்டர்கள் சிலரும் அங்கே வந்து சேர்ந்துகொள்வார்கள். மலை ஊர்களில் முகாம் போட்டுக் கண் அறுவை செய்வார்கள். கட்டுப் போடத் தேர்ந்த கை ஒன்று வேண்டும் என்றார்கள். யதிராஜன் சரி என்றுவிட்டார். பெரிய தியாகம் எல்லாம் இல்லை. அவருக்குக் கப்பல் பார்க்க ஆசை. மனைவி மரகதவல்லியிடம் மட்டும் முழு உண்மையைச் சொன்னார். பங்காளிகளிடம் பம்பாய்க்குப் போவதாகச் சொன்னார். பம்பாய் வரை அது உண்மைதான்.

கையோடு ஒரு தகர டப்பா நிறையப் புளிக்காய்ச்சலும் அப்பளக் கட்டும் கொண்டுபோனார். டப்பா காலியானதும் அந்த ஊர்க்காரர்களின் புளித்த ரொட்டியைச் சாப்பிட்டார். தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. நெற்றித் திருமண்ணைப் பார்த்து ஏதாவது கேட்பார்களோ என்று பயந்திருந்தார். அந்த ஊர்ப் பெண்களோ நெற்றியிலேயே சிலுவையைப் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். இவரையும் ஏதோ ஒரு கோயிலைச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவர்கள் நினைத்தது தப்பும் இல்லை.

அங்கே பரவியிருந்த நோயில் கண் இமை உள்பக்கமாக மடிந்துகொள்ளும். இமை முடி கருவிழியை உரசி உரசிப் பார்வையைத் தின்றுவிடும். டாக்டர்கள் இமையைக் கீறி வெளிப்பக்கம் திருப்பித் தைப்பார்கள். யதிராஜன் கட்டுப் போடுவார். இரண்டு மூன்று நாளில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். திரும்பும் வழியில் வந்து கட்டை அவிழ்ப்பதாக ஏற்பாடு.

அல்மாஸ் என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கட்டுப் போட்டது யதிராஜன்தான். நாங்கள் வருகிற வரை இதைத் தொடாதே என்று கையால் ஜாடை காட்டினார், மொழிபெயர்ப்பாளரை விட்டும் சொல்ல வைத்தார். ஒரு வாரத்தில் வந்திருக்க வேண்டியவர்கள். மழை வந்து மலைப்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாதை திறந்து அவர்கள் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அல்மாஸ் அதே கட்டோடு, அழுக்கேறிய அதே துணியோடு, வாசலில் காத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் சிரித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் பார் என்கிற சிரிப்பு அது. கட்டை அவிழ்த்தால் உள்ளே கண் அழுகிப் போயிருந்தது.

டாக்டர் பெருமூச்சு விட்டார். இந்த மாதிரி ஊர்களில் யாராவது ஒருவர் தங்கியே இருக்க வேண்டும், வருகிறவர்கள் வருவார்கள், போவார்கள் என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார். அந்த ‘யாராவது ஒருவர்’ யதிராஜனோடு கப்பலேறித் திருவள்ளூர் வரை வந்தது.

இங்கே அவருக்கு முன்னால் செய்தி வந்து உட்கார்ந்திருந்தது. கடல் தாண்டியவன் மடப்பள்ளி அடுப்பைத் தொடக்கூடாது. பங்காளிகள் கூடினார்கள். குடும்ப வாத்தியார் பூவராகவனிடம் வழி கேட்டார்கள். அவர் நல்ல மனிதர். சாஸ்திரத்தில் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பவர். சேது ஸ்நானம், பஞ்சகவ்யம், புதுப் பூணூல், தோளில் மறுபடி சங்கு சக்கர முத்திரை என்று வரிசையாகச் சொன்னார். யதிராஜன் ஒன்று விடாமல் செய்தார். சங்கல்பத்தில், கடல் கடந்த பாபம் தீர என்று வாத்தியார் சொன்னதை வாயசைத்துத் திருப்பிச் சொன்னார். அர்த்தத்தை யோசிக்கவில்லை. அடுப்பு திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கிடைத்தது.

அதன் பிறகு சில வருஷம் சுகமாகவே போயிற்று. மடப்பள்ளியில் முதல் விறகு பற்றிக்கொள்ளும் நேரம் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வருஷா வருஷம் ஒரு குழு போய்வரும். திரும்பி வருகிறவர்களிடம் அந்த ஊரில் இப்போது யார் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்பார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து முனுசாமி, வார்டு வேலை பார்ப்பவர், ஒரு தடவை போய்வந்து சொன்னார்.

“அங்க எவனும் இல்ல சாமி. வெட்டறோம், கட்டறோம், அடுத்த ஊருக்குப் போய்க்கினே இருக்கோம். பின்னால அது இன்னா ஆச்சுன்னு யாரு பாக்கறா? எனக்கே பேஜாரா பூட்ச்சி.”

எழுபதில் ஆஸ்பத்திரியே கேட்டது. சாப்பாடும் தங்க இடமும் மட்டும் தரமுடியும். வருஷக் கணக்கில் இருக்க வேண்டும். வந்து போகும் குழுக்களுக்கு முன்னும் பின்னும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் வருகிறீர்கள் என்றார்கள். யதிராஜன் அன்று சாயங்கால வண்டியில் ஊர் திரும்பும்போது அரக்கோணம் போகிறவர்களோடு உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்து திருவள்ளூரைத் தவறவிட்டார். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை.

மரகதவல்லி விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் கை வேலையில் போய்விடும்.

“போகணும்னு தீர்மானம் பண்ணிண்டுதான் வந்திருக்கேள். என்னை எதுக்குக் கேக்கறேள்?”

“தீர்மானம் பண்ணலை. முறை போயிடுமேன்னு இருக்கு.”

“போகலைன்னா?”

யதிராஜன் குனிந்து தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கினார்.

“அப்போ நானும் வரேன்” என்றாள். “அங்கே உங்களுக்குத் தளிகை பண்ண யார் இருக்கா? புளித்த ரொட்டியைத் தின்னுட்டு வந்து அஞ்சு வருஷம் என்கிட்ட மறைச்சேளே, அதையும் பார்க்கணும்.”

பங்காளிகள் மறுபடி கூடினார்கள். இந்தத் தடவை விமானத்தில் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு சின்ன நம்பிக்கை முளைத்தது. விமானத்தில் போனால் காலில் உப்புத்தண்ணீர் படாதே, அது கடல் தாண்டியதாகுமா என்று யாரோ கேட்டார்கள். முனுசாமியும் முன்பே இதை யோசித்து, ராத்திரி விமானமாகப் பார்த்துப் போ சாமி, கடல் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லியிருந்தார். பூவராகவன் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் ஜன்னல் தேடினார். கிடைக்கவில்லை. கீழே இருப்பது கடல்தானே என்றார்.

வரதன் அன்று கத்தவில்லை. அதுதான் யதிராஜனுக்குச் சங்கடமாக இருந்தது.

“ஒரு தடவை தெரியாமப் போயிட்டான்னு பெருமாள்கிட்ட சொல்லிட்டோம்” என்றார் வரதன். “ரெண்டாம் தடவை என்னன்னு சொல்றது? நீயே சொல்லு. உன் கைக்கு நான் குறுக்கே நிக்கலைடா. எனக்கு அந்தக் கை வராது, தெரியும். போகாதே.”

யதிராஜன் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். “மடப்பள்ளியில நாம ருசி பாக்கறதில்லை. வாயைக் கட்டிண்டு சமைக்கறோம், இறக்கி வெச்சுட்டு வந்துடறோம். பெருமாளுக்கு அது சரி. மனுஷாளுக்கு அப்படிப் பண்ணிட்டு வந்துட்டேன் வரதா. இருந்து பாக்கணும்.”

முறை வரதனுக்குப் போவது என்று முடிவாயிற்று.

கடைசி முறையின் கடைசி நாளில் யதிராஜன் எப்போதும்போல வாயைத் துணியால் கட்டிக்கொண்டு தளிகை செய்தார். வெண்கலப் பானைகளைத் தேய்த்துக் கவிழ்த்தார். அடுப்புச் சாம்பலை வாரினார். வரதனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிரசாதம் வாங்கியவர்கள் வேறு ஒன்று சொன்னார்கள். அன்றைய புளியோதரையில் உப்பே இல்லை. யாரும் அவரிடம் போய் அதைக் கேட்கவில்லை. வரிசையில் நின்ற எல்லோரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எத்தியோப்பிய மலை ஊரில் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். இரண்டு அறை வீடு, ஒரு கோவேறு கழுதை, ஒரு மருந்துப் பெட்டி. குழுக்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வரும், வெவ்வேறு தேசத்திலிருந்து, வெவ்வேறு அவசரத்தோடு. வெட்டித் தைத்துவிட்டுப் போகும். மறுநாளிலிருந்து யதிராஜன் மலை ஏறுவார். ஆண் நோயாளிகள் அவரிடம் கண்ணைக் காட்டினார்கள். பெண்களில் பலர் டாக்டர் இல்லாத நேரத்தில் முக்காட்டை எடுக்க மறுத்தார்கள். அதனால் மரகதவல்லி கூடவே போகவேண்டியதாயிற்று. போகப் போக அவர்கள் பாஷை அவருக்கு முன்னால் அவளுக்கு வந்துவிட்டது. மடி ஆசாரம் பார்த்த பெண்மணி, சீழ்த் துணியைக் கையால் எடுத்து வெந்நீரில் போடுவாள். அப்புறம் குளித்துவிட்டுத் தன் சமையலைத் தொடங்குவாள். முதல் வருஷம் இரண்டு குளியல். பிறகு தண்ணீர்ப் பஞ்சம் வந்து ஒரே குளியல் ஆயிற்று.

எழுபத்தைந்தில் அந்த நாட்டில் அரசு மாறிக் குழப்பம் முற்றியது. குழுக்கள் வருவது நின்றது. தங்கியிருந்தவர்களையும் கிளம்பச் சொன்னார்கள். எழுபத்தாறின் தொடக்கத்தில் இருவரும் திருவள்ளூர் திரும்பினார்கள்.

வந்த வாரத்திலேயே வரதன் வீடு தேடி வந்தார். முட்டி வீங்கியிருந்தது. பிள்ளைகள் ஒருவன் பெரம்பூரில், ஒருவன் டெல்லியில். மடப்பள்ளி வாசனையே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

“முறையை எடுத்துக்கோ. என்னால நிக்க முடியலை” என்றார். “இப்போ எல்லாரும் எங்கெங்கேயோ போயிண்டு வந்துண்டு இருக்கா. வாத்தியார்கிட்ட பேசிட்டேன். சேதுவெல்லாம் வேண்டாமாம். குளத்தங்கரையில ஒரு காலை வேளை, அவ்வளவுதான்.”

யதிராஜன் அந்த அடுப்பைக் கனவில் பார்க்காத வாரம் இல்லை. எப்போது என்று மட்டும் கேட்டார்.

குறித்த நாளில் ஈர வேட்டியோடு கிழக்குப் பார்த்து உட்கார்ந்தார். விரலில் தர்ப்பைப் பவித்திரம். மரகதவல்லி பின்னால் நின்று, மனைவி செய்யவேண்டிய முறைப்படி ஒரு தர்ப்பையால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் சொல்லும் சங்கல்பம் அவளுக்கும் சேர்த்து. பூவராகவனுக்கு வயதாகிவிட்டது; வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். யதிராஜன் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். கடல் கடந்து போய் இத்தனை வருஷம் அங்கே வாழ்ந்த பாபம் தீர என்ற இடம் வந்தது.

யதிராஜன் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் நிறுத்திவிட்டார்.

காது கேட்கவில்லையோ என்று பூவராகவன் இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். வரதன் பக்கத்தில் வந்து, “ஒரு வார்த்தைதானேடா” என்றார். மடப்பள்ளியில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். புகை மதில்மேல் எழுவது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. யதிராஜன் வாயைத் திறந்தார். அப்போது தோளில் தர்ப்பை படவில்லை.

திரும்பிப் பார்த்தார். மரகதவல்லி கையை எடுத்துவிட்டிருந்தாள்.

“அடுப்பு உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியும்” என்றாள். “சொல்லணும்னா சொல்லிக்கோங்கோ, நான் கோவிச்சுக்க மாட்டேன். எனக்கும் சேத்துச் சொல்லாதேங்கோ.”

யதிராஜன் பவித்திரத்தைக் கழற்றிப் பிரித்து ஓரமாகப் போட்டார்.

“போன தடவை பொய்னு தெரியாமச் சொல்லிட்டேன், வரதா” என்றார். “இந்தத் தடவை தெரியும்.”

இருவரும் எழுந்து ஈரத்துணியோடு தெருவில் நடந்தார்கள். மடப்பள்ளிச் சுவரைத் தாண்டும்போது உள்ளே யாரோ புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அடி பிடிக்கும் வாசனை வந்தது. யதிராஜன் நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி, “விறகை இழுங்கோ, அடி பிடிக்கறது” என்று வெளியிலிருந்தபடியே சொல்லிவிட்டு நடந்தார்.