யன்னல் இல்லாத பின்குகை

முஹம்மது தம்பி இன்ஷாப் எவரையும் நம்பியதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கிடங்கின் வாசலில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது. வெறும் லொறியாக உள்ளே போகும்போது ஒருமுறை, சுமையோடு வெளியே வரும்போது ஒருமுறை நிறுப்பவர் இன்ஷாப். உள்ளே போகையில் லொறியில் இருந்த கிளீனர்கள் இருவர், வெளியே வருகையில் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். அவர்களுடைய எடைக்குச் சமமான கோதுமை மா மூட்டைகள் தார்ப்பாயின் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கும். இன்ஷாப் தார்ப்பாயைத் தூக்குவார்.

அந்தத் தராசையும் அவர் நம்பவில்லை. தினமும் காலையில் தானே அதன்மேல் ஏறி நிற்பார். இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம் அதற்கு விளங்காது. ஆகவே ஒருநாள் அறுபது காட்டும், மறுநாள் எண்பது. பன்னிரண்டு வருடங்களாக அவருடைய மெய்யான எடை எவருக்கும் தெரியாது.

இத்தகைய மனிதர்தான் தமது நாற்பத்தோராவது வயதில் ஓர் இனத்தைப் படைத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து சோறும் தின்ற பிறகு, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக நுழைந்து பேசுவார்கள். சண்டை வந்தால் இருபது முகமுள்ள கட்டை ஒன்றை உருட்டி முடிவு காண்பார்கள். கதை சொல்பவர் இன்ஷாப். உப்புவெளி விடுதியொன்றில் சமைக்கும் மெல்ரோய் அதில் திருடன். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்து அதே கிடங்கில் வேலைபார்க்கும் சிந்துஜன் அதில் வைத்தியன். இந்த விளையாட்டுக்கான உலகங்களைப் புத்தகமாக அச்சடித்து விற்கிறார்கள். அடுத்தவன் செய்த உலகத்தை எப்படி நம்புவது? இன்ஷாப் சொந்தமாகச் செய்தார். நான்கு வருட உழைப்பில், வேறெங்குமே காணாத வழக்கங்களோடு, மலைக்குள்ளர்கள் ஒரு கோடு போட்ட கொப்பியில் பிறந்தார்கள்.

மலைக்குள்ளருக்குச் சட்டங்கள் முப்பத்துநான்கு. நாலாம் சட்டம்: விருந்தாளி வரும்போதும் போகும்போதும் நிறுக்கப்படுவான், வித்தியாசம் அவன் தின்ற சோற்றுக்குச் சமமாக இருக்கவேண்டும். பதினேழாம் சட்டம்: மகள் பிறந்தால் அவளுக்கென்று குகை வெட்டவேண்டும், மாப்பிள்ளை தன் சுத்தியலோடு அங்கே வந்து சேர்வான்.

"மச்சான், ஒரு சந்தேகம்," என்றான் சிந்துஜன். "மாப்பிள்ளைக் குள்ளன் ஏன் பொம்பிளையின்ர குகைக்குப் போறான்?"

இன்ஷாப் விழித்தார். "பின்ன எங்க போற?"

"தன்ர குகையில இருக்கலாம்தானே."

"அது அவன்ட தங்கச்சிட குகை."

மெல்ரோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், இவன் நாலு வருசமா மூளையைக் கசக்கிக் கிண்ணியாவைக் கண்டுபிடிச்சிருக்கிறான்!"

இன்ஷாப் மூதூரிலிருந்து ஒரு சூட்கேசோடு மனைவி ஸஹ்ராவின் வீட்டுக்கு வந்து ஒன்பது வருடம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. மறுநாள் குள்ளர்களின் தாடியை அரையடி நீட்டினார். வேறு திருத்தம் தேவைப்படவில்லை.

வீடு ஸஹ்ராவுடையது என்று மேலே சொன்னது ஊர்ப் பேச்சு. உறுதிப் பத்திரப்படி அது அவருடைய தாய் றஹ்மாவுடையது. கலியாணத்தன்று மகளுக்கு வாக்களித்த வீட்டை எழுதிக்கொடுக்க றஹ்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை. அவர் இருப்பது ரோட்டுப் பக்கம் பெரிய யன்னல் வைத்த முன்னறையில். அந்த யன்னலுக்குத் தெரியாமல் குறிஞ்சாக்கேணியில் ஒரு சைக்கிள்கூடப் போகமுடியாது. ஒருவழியாக, வருகிற புதன்கிழமை உறுதி எழுத நொத்தாரிசிடம் போவது என்று முடிவாகியிருந்தது.

மருமகனுடைய விளையாட்டை றஹ்மா ஆரம்பம் முதலே கவனித்து வந்தார்.

"இது சூதா மருமகன்?"

"இல்ல மாமி. ஒண்டும் வெச்சு ஆடுறல்ல."

"ஒண்டும் கிடைக்காமலா நாலு மணித்தியாலம் ஆடுறீங்க?"

மருமகனின் பதிலால் அவருடைய சந்தேகம் கூடியது.

புதனுக்கு முந்திய வியாழக்கிழமை இன்ஷாப் கொப்பியைக் கதிரையில் மறந்துவிட்டு வேலைக்குப் போனார். றஹ்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாம் சட்டத்திலிருந்து தொடங்கினார். பதினெட்டாம் சட்டத்தில் நின்றார்: 'குகையை மகளுக்கு எழுதியதும் தாய் குசினிக்குப் பின்னாலுள்ள பின்குகைக்குப் போவாள். நீளம் பத்தடி, அகலம் எட்டடி. உலகத்தை அவள் போதுமளவு பார்த்துவிட்டாள். ஆகவே யன்னல் தேவையில்லை.'

றஹ்மா எழுந்தார். தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னாலுள்ள சாமான் அறைக்குப் போனார். நெல்மூட்டைகளை நகர்த்தி அளந்தார். பத்து. எட்டு.

வெள்ளிக்கிழமை, கட்டை உருளத் தொடங்கியதும், கூடத்தின் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"மருமகன், இந்தக் குள்ளன்மார்ட சட்டத்த ஆரு எழுதின?"

"நாந்தான் மாமி. சும்மா கற்பனை."

"பின்குகை எத்தினை அடி?"

"பத்துக்கு எட்டு எண்டு நினைக்கிறன்."

"நம்மட சாமான் அறை எத்தினை அடி?"

சிந்துஜனின் கையிலிருந்து கட்டை நழுவி உருண்டது. என்ன விழுந்தது என்று எவரும் பார்க்கவில்லை.

"உம்மா, அது விளையாட்டு," என்றார் குசினி வாசலில் நின்ற ஸஹ்ரா.

"நீங்க சும்மா இரிங்க மகள். போன மாசம் இவர் டேப்போட சாமான் அறைக்க போனத நான் கண்ட."

"எலி வளை அடைக்கப் போன மாமி."

"எலிக்கு அகலம் என்னத்துக்கு?"

இன்ஷாப் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். எலி வளை உண்மை. டேப் கையில் இருந்தது, சும்மா அளந்தார், அதுவும் உண்மை. பிறகு, முன்னறையில் யன்னலோரம் விளையாட ஆறுபேர் மேசை ஒன்று போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரே ஒருமுறை நினைத்தார். அந்த நினைப்பு தார்ப்பாயின் கீழே உட்கார்ந்தபடி கொப்பிக்குள் வந்துசேர்ந்ததை, எத்தனையோ கிளீனர்களைப் பிடித்த அந்த மனிதர் இப்போதுதான் கண்டார். அவருடைய காது சிவந்தது.

"மாமி... பிழைதான்," என்றார் மெதுவாக.

றஹ்மா அதையும் நம்பவில்லை. "குகையை எழுதிக் குடுக்கிற நாள், அந்தத் தாய்க்குள்ளச்சி என்ன சொல்லுறா?"

இன்ஷாப் தாள்களைப் புரட்டினார். முப்பத்துநான்கு சட்டங்களில் ஒன்றிலும் தாய் வாய்திறந்து பேசவில்லை.

மெல்ரோய் நண்பனைக் கைவிட்டான். "மாமி, கட்டையை உருட்டுங்க. இருபது விழுந்தா நீங்க சொல்றதுதான் சட்டம்."

"சட்டம் எண்டா எழுதுற தம்பி. உருட்டுறல்ல. எழுதுங்க மருமகன். முன்குகை தாய்க்கு. மவுத்தாகும் வரைக்கும். யன்னலோட."

இன்ஷாப் எழுதினார். இரண்டுமுறை வாசித்துக்காட்டச் சொன்னார் மாமி. பிறகு தாளைக் கிழித்து வாங்கித் தாமே ஒருமுறை வாசித்து மடித்தார்.

புதன்கிழமை நொத்தாரிசின் மேசையில் விரிந்தது அந்தத் தாள்தான். அவர் 'முன்குகை' என்ற இடத்தில் 'முன்னறை' என்று திருத்தி, சாகும்வரை அங்கே இருக்கும் அந்த உரிமைக்குச் சீவிய உரித்து என்று தலைப்புப் போட்டு, மற்றதை அப்படியே உறுதியில் ஏற்றினார். "நல்லாத் தெளிவாக் கிடக்கு. ஆர் எழுதினது?" என்று கேட்டார். மலைக்குள்ளர் சட்டங்களில் இந்நாட்டில் செல்லுபடியானது அது ஒன்றுதான். இன்ஷாப் சாட்சியாகக் கையெழுத்து வைத்தார்.

வீட்டுக்காரியான ஸஹ்ராவின் முதல் கட்டளை வியாழக்கிழமையே பிறந்தது. "ஹோல்ல சத்தம் போட்டா உம்மாக்கு ஏலா. நீங்க சாமான் அறைக்க ஆடுங்க."

இப்போது மூவரும் நெல்மூட்டைகளில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். முழங்கால்கள் இடிபடுகின்றன. கட்டை உருண்டு மூட்டைக்கடியில் போனால் டோர்ச் அடித்துத் தேடவேண்டும். மூன்று வாரமாகத் திருடனும் வைத்தியனும் குள்ளர் மலையின் வாசலிலேயே நிற்கிறார்கள். காவல் நிற்பது ஒரு தாய்க்குள்ளச்சி.

போன வெள்ளிக்கிழமை ஆட்டம் முடிந்து மெல்ரோய் பையோடு படலையைத் திறக்கையில், முன்னறை யன்னலிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, வரக்குள்ள அந்தப் பை சப்பையா இரிந்த."

மெல்ரோய் திரும்பி இன்ஷாபைப் பார்த்தான். இன்ஷாப் நிலத்தைப் பார்த்தார். விருந்தாளியை நிறுக்கும் நாலாம் சட்டம், அவரே எழுதியது.

மெல்ரோய் யன்னலடிக்குப் போய்ப் பையைத் திறந்தான். உள்ளே மூடிய கிண்ணத்தில் ஸஹ்ரா கொடுத்தனுப்பிய இனிப்பு வட்டிலப்பம். றஹ்மா மூடியைத் தூக்கிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார்.

"சரி. போங்க."