ஜெபஷீலாவின் சாக்குத் தையல் கவுன்

ஜெபஷீலாவுக்குத் தைக்கத் தெரியாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மூட்டையின் வாயைத் தைப்பது. அவள் அப்பா ஞானசிகாமணிக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. பள்ளிக்கூட லீவெல்லாம் அங்கே சாக்குத் தைத்தே வளர்ந்தவள். சரக்கை உள்ளே கொட்டு, வாயைச் சேர்த்துப் பிடி, குத்தி இழு, முடிச்சுப் போடு. லாரியிலிருந்து தூக்கி எறிந்தாலும் அவள் தைத்த மூட்டை பிரியாது. அந்தத் தைரியத்தில்தான் தன் கல்யாண கவுனைத் தானே கையால் தைக்கப் போவதாகச் சொன்னாள்.

நான் பவானி. அல்லிநகரத்தில் அவளுக்குப் பக்கத்து வீடு. சிநேகிதி என்ற உரிமையில் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"ஏன்டி, கல்யாணத்துக்குப் போறியா, லோடு ஏத்தப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. காரணம் அவள் அத்தை ஞானபாக்கியத்தின் கவுன். அத்தை தன் கல்யாணத்துக்கு மதுரையில் தைத்தது அது. அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண் சர்ச்சுக்குள் மணப்பெண்ணாக நுழைந்தாலும் அதுதான் உடுப்பு. குண்டாக இருந்தால் பிரித்துவிடுவார்கள், ஒல்லியாக இருந்தால் பிடித்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கல்யாணப் போட்டோக்களைப் பார்த்தால், ஒரே கவுன் தலையை மட்டும் மாற்றிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். முன்பக்கத்தில் காபிக் கறை வேறு. அதை மறைக்க எல்லா மணப்பெண்களும் பூச்செண்டைத் தொப்புளுக்கு நேராகப் பிடித்திருப்பார்கள்.

"பவானி, நான் மூணாவது பொண்ணுடி. யூனிஃபார்ம் ஷீபா அக்காவோடது, செருப்பு ஷீபா அக்காவோடது, சுடிதாரும் அவளோடது. கல்யாணத்தன்னைக்காச்சும் எனக்குன்னு ஒரு துணி இருக்கக் கூடாதா?"

கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் தாம்தூமென்று குதிப்பார் என்று நினைத்தோம். குதிக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டம் பேசினார்.

"தைச்சுக்க ஆத்தா, யாரு வேண்டாம்னா? ஆனா மிஷின்ல ஓட்டக் கூடாது. வேற ஒருத்தி ஊசியத் தொடக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நா சாயங்காலம் என் முன்னால போட்டு நிக்கணும். நான் இழுத்துப் பாப்பேன். ஒரு தையல் விட்டாலும் என் கவுனுதான். சம்மதமா?"

"சம்மதம் அத்தை" என்றாள் இந்த வாய்க்கொழுப்புக்காரி.

மாப்பிள்ளை ஜாஸ்பர் கூடலூர்க்காரன். குமுளிக்கு ஜீப் ஓட்டுகிறவன். வெள்ளை சாட்டின் துணியை அவனே வாங்கிக் கொடுத்தனுப்பினான். கூடவே, 'கொஞ்சம் கூடவே எடுத்திருக்கேன், எப்படியும் கெடுப்பே' என்று செல்போனில் ஒரு செய்தி. வருங்காலப் புருஷன் சரியாகத்தான் எடை போட்டிருந்தான்.

அவள் தைத்த அழகை என்னவென்று சொல்ல! முதல் கோணல் முற்றும் கோணல். கையுறை இரண்டையும் இடது கைக்கே தைத்துவிட்டு, வலது கைக்குப் பூச்செண்டு போதும் என்றாள். மூட்டையைத் தூக்கப் பிடிமானத்துக்கு இரண்டு மூலையிலும் காது விட்டுத் தைப்பார்களே, அந்தப் பழக்கத்தில் கவுனின் இரண்டு தோளிலும் காது வைத்துவிட்டாள். கேட்டால் பட்டாம்பூச்சியாம். தலையில் போடும் நெட்டுக்கு விளிம்பு தைக்கும்போது தலையணை உறையையும் சேர்த்துத் தைத்தாள். அதைப் பிரித்தது தனிக் கதை.

அதைவிடப் பெரிய கூத்து, அவள் அளவு பார்த்த விதம். கல்யாண வீட்டில் எப்போதும் பத்துப் பேர் வந்து போகிறார்கள், கதவைச் சாத்தினால் யாராவது தட்டுகிறார்கள். அதனால் போட்டிருந்த நைட்டியைக் கழற்றாமல் அதன் மேலேயே கவுனை மாட்டி அளவு பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் பச்சைக்கிளி போட்ட நைட்டி. எங்கள் தெருவில் நைட்டியைக் கழற்றிவிட்டு எந்தப் பெண் உடுப்பு அளவு பார்க்கிறாள்?

அந்த முந்தின நாளும் வந்தது. அத்தை முன்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளறையில் இவளுக்கு இடப்பக்கத் தையல் இன்னும் பாக்கி, அக்குளிலிருந்து இடுப்பு வரை. கவுனை மாட்டிக்கொண்டு, இடது கையைத் தூக்கி என் தோளில் வைத்துக்கொண்டு, வலது கையால் தைத்தாள். சேர்த்துப் பிடித்தாள், குத்தி இழுத்தாள், முடிச்சுப் போட்டாள். சரக்கு உள்ளே போன பிறகுதானே மூட்டையின் வாயைத் தைப்பது! கை அதன் பாட்டுக்குத் தைத்துவிட்டது.

முன்னறைக்குப் போய் நின்றாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தையலாக இழுத்துப் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் துணியை விரலால் தேய்த்து, அவளை ஒரு பார்வை பார்த்தார். மறுபடியும் பலமாக இழுத்தார். அசையவில்லை.

"நல்லா கெட்டியாத்தான் தைச்சிருக்கே. ஜெயிச்சுட்டே. போ, கழட்டிக் குடு, நானே தேய்ச்சு வைக்கிறேன்."

கழற்றப் போனால் கவுன் வரவில்லை. கையை உருவினாள், காலை உதறினாள், குனிந்தாள், குதித்தாள். நான் கட்டிலில் ஏறி நின்று தலைவழியாக இழுத்தேன். கவுனோடு நைட்டியும் நைட்டியோடு அவளும் மேலே வந்தார்களே தவிர, ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை. நுழைந்த வழியை உடம்போடு இறுக்கித் தைத்து மூடியதோடு, நைட்டியையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள், பாவி!

"அடியாத்தி! பிரிச்சுரு, மறுபடி தைச்சுக்கலாம்" என்றேன்.

"பிரிச்சா தையல் விட்ட கணக்குடி. காபிக் கறைக் கவுனுதான் கதி. மாட்டேன்."

'தேய்க்கிறதையும் நாங்களே பாத்துக்கிறோம்' என்று அத்தையை அனுப்பிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். காலையில் அடுத்த சோதனை. கல்யாணப் பெண் குளிக்க வேண்டாமா? கவுனைச் சுற்றி பிளாஸ்டிக் கவரைக் கட்டி, தலையைத் தனியாகவும் கைகால்களைத் தனியாகவும் கழுவிவிட்டேன். நடுவிலே நனையாத இடத்துக்குப் பவுடர். முந்தின நாள் இடுப்பில் செருகி மறைத்திருந்த நைட்டியின் கீழ்ப்பகுதியை முழங்காலுக்கு மேலே சுருட்டி ஊக்குக் குத்தினேன். ஊசியைத்தானே தொடக் கூடாது என்றார் அத்தை, ஊக்கைச் சொல்லவில்லையே.

சர்ச்சில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தாலி கட்டியாயிற்று. போதகர் ஐயர் ஆசீர்வதிக்க இருவரும் முழங்கால் போட்டு எழுந்தார்கள். எழும்போது ஊக்கு விட்டுவிட்டது. வெள்ளைக் கவுனுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழத் துணி சரிந்து விழுந்தது. கிளிகள் வரிசையாகச் சபையைப் பார்த்தன. முதல் வரிசையில் அத்தைக்குப் பக்கத்தில் இருந்த நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கூடலூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு ஜனம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

எல்லாரும் பாட்டுப் பாட எழுந்த நேரம், ஞானபாக்கியம் அத்தை விறுவிறுவென்று போனார். தலையிலிருந்து தொங்கிய நெட்டைச் சரிசெய்கிறவர்போல் மணப்பெண்ணுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். பாட்டின் இரைச்சலில் கரக் கரக்கென்று நைட்டியைச் சுற்றி வெட்டி, கிளிகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, வந்த வழியே வந்து ராகம் தப்பாமல் பாட்டில் சேர்ந்துகொண்டார்.

"அத்தை, கத்தரிக்கோலு எப்புடி...?" என்று காதில் கேட்டேன்.

"நேத்து தொட்டுப் பாத்தப்பவே தெரியும்ல. ரெண்டு துணி தட்டுப்பட்டுச்சே. தையலைத்தான பாக்கணும்னு சொன்னேன், நைட்டியவா சொன்னேன்? பாடு பேசாம."

அந்த மனுஷியை அன்றைக்குக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

விருந்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பட்டுப்புடவை கட்ட வேண்டும். மணப்பெண் அறையில் கதவைச் சாத்திவிட்டு, அத்தை இடப்பக்கத் தையலைப் பிரிக்கப் பார்த்தார். சாக்குத் தையலாச்சே! கத்தரி நுனி நுழைய இடமில்லை. துணியைத்தான் வெட்ட வேண்டும். அத்தை கை தயங்கியது.

"வெட்டுனா பாழாப் போகும் ஆத்தா. உனக்குப் பெறகு யாரும் போட முடியாதே."

"வெட்டுங்க அத்தை" என்றாள் ஜெபஷீலா. முகமெல்லாம் சிரிப்பு. "யாரும் போட வேண்டாம். இது எனக்கு மட்டுந்தான்."

அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டினார். கவுன் காலடியில் விழுந்தது. முழங்காலோடு வெட்டுப்பட்ட கிளி நைட்டியோடு நின்றாள் புதுப்பெண். அந்த நேரம் பார்த்துப் புடவையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்த ஷீபா, தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏடி, இது என் நைட்டில்ல? ஒரு வாரமா வீடு பூராவும் தேடுறேன்! மிச்சம் எங்கடி?"

அத்தை கைப்பையைத் திறந்து, மிச்சத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.