வலது ஓரத்தில் நின்ற தாய்மாமன்

புதுக்கோட்டையில் கேமரா சர்வீஸ் கடையில் பல வருடம் லென்ஸ் டெஸ்ட் செய்தவன் நான். கடைக்கு வருகிற எவரும் "லென்ஸ்ல ஒரு சந்தேகம்" என்று சொன்னதில்லை. "லென்ஸ் போச்சு" என்றுதான் நுழைவார்கள்.

ஆயுத பூஜை முடிந்த பிறகு ஒருநாள் ஆலங்குடியிலிருந்து செல்வராணி அப்படித்தான் வந்தார். கல்யாணப் படம் எடுக்கிறவர். புது லென்ஸ் போட்டு எடுத்த குடும்ப குரூப் போட்டோவில் வலது ஓரம் மட்டும் மங்கல். அங்கே நின்றவர் கல்யாணப் பெண்ணின் தாய்மாமன். அந்தக் கல்யாணத்துக்காகவே குவைத்திலிருந்து வந்து, மறுநாளே திரும்பிப் போய்விட்ட மனிதர்.

"பொண்ணோட அம்மா என்னைய உண்டு இல்லைன்னு பண்ணிட்டாகண்ணே. சின்ன மக கல்யாணத்துக்கும் படமெடுக்க என்னையத்தான் பேசியிருந்தாக. இப்ப வேற ஆளைப் பாக்கப் போறாகளாம்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்து, "இந்த லென்ஸ் பீஸ்தான் கோளாறு. கம்பெனிக்கு அனுப்பி மாத்திருவோம்" என்றார். பார்க்காமலே தீர்ப்பு சொல்வது அவர் வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே மாடலில் வரும் இரண்டு லென்ஸ்கூட அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது, வாஸ்தவம். உள்ளே ஒரு கண்ணாடி இம்மி சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கும். ஆனால் அதை டெஸ்ட் அல்லவா சொல்ல வேண்டும்?

சுவரில் செய்தித்தாளை ஒட்டி, டிரைபாடில் செல்வராணியின் கேமராவை அந்த லென்ஸோடு நேராக வைத்து, வெளிச்சம் நுழையும் துளையான அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து எடுத்தேன். வலது ஓர எழுத்துகள் மங்கின. அவர் கேமராவிலேயே கடை லென்ஸை மாட்டினேன். அப்போதும் அதே ஓரம். அவர் லென்ஸைக் கடை கேமராவில் மாட்டினேன். இரண்டு ஓரமும் பளிச்! லென்ஸ் ஒரு தப்பும் செய்யவில்லை.

கேமராவில் லென்ஸ் வந்து உட்காரும் வெள்ளி ரிங்கில் டார்ச் அடித்தேன். ஒரு பக்கம் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது.

"ஏம்மா, இதென்ன?"

செல்வராணி நாக்கைக் கடித்துக்கொண்டார். "சந்தனம்ணே. பூஜைக்கு லென்ஸத் தனியா, கேமராவத் தனியா கழட்டி வச்சுப் பொட்டு வச்சேன். கேமராவோட ரப்பர் பிடியில ஒட்டலன்னு இந்த ரிங்குல வச்சேன். அப்பறம் தொடச்சேனே!"

துடைத்தும் போகாத மிச்சம் லென்ஸை ஒரு பக்கமாகத் தூக்கியிருக்கிறது. சுத்தம் செய்ததும் படம் சரியாகிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, லென்ஸைப் பழிக்கும் முன் ரிங்கைத் துடையுங்கள்.

ஆனால் செல்வராணி முகம் தெளியவில்லை. "அண்ணே, லென்ஸ் கோளாறுன்னே அந்தம்மாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லிருங்களேன்."

"என் வாயில வராதும்மா" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அங்கேயே உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு அவரே பேசினார். சந்தனம்வரை எதையும் மறைக்கவில்லை. எனக்குக் கடுப்பு போய், அவர்மேல் மரியாதை வந்தது.

அந்தப் பக்கம் பெண்ணின் அம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அடிப்பாவி, சாமி கும்புட்டா எந்தம்பி மொகத்த அழிச்ச?" என்று அந்தம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு சட்டென்று நின்றது. "மத்தவுகளத்தான் நெதம் பாக்குறேனே. அவன் மொகத்துக்காகத்தான்டி அந்தப் போட்டோவையே எடுக்கச் சொன்னேன்."

"தப்புதாங்க" என்றார் செல்வராணி.

"சின்னவ கல்யாணத்துக்கும் வருவான். நீயே வா. அவன நடுவுல நிப்பாட்டி எடு."