ஓடீல் அக்கா கிளறாத கும்போ

லஃபூர்ஷ் பாயூ என்கிற எங்கள் ஓடைக் கரையில் "முடியாது" என்ற சொல்லை ஓடீல் ஷெரமி அக்காவைப் போல நிதானமாகச் சொல்கிறவர் யாரும் இல்லை. சத்தம் போட மாட்டார், முகம் சுளிக்க மாட்டார். இன்னொரு காபி வேண்டாம் என்பது போலத்தான் சொல்வார். அதன் பிறகு ஆண்டவரே வந்தாலும் மாற்ற முடியாது என்பார்கள் ஊரில். நான் அப்படிச் சொல்ல மாட்டேன், ஆண்டவரால் எல்லாம் ஆகும். ஆனால் அக்காவிடம் பேசும்முன் அவரும் கொஞ்சம் யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

அக்கா பள்ளிக்கூடத்தை விட்டது மூன்றாம் வகுப்பில். வீட்டில் பேசுகிற பிரெஞ்சைப் பள்ளிக்கூடத்தில் பேசியதற்காகச் சோளமணிகளின் மேல் முட்டி போடச் சொன்னார்களாம். அக்கா முட்டி போட்டார். மணி அடித்ததும் எழுந்து, சோளத்தை ஒன்று விடாமல் பொறுக்கிக் கவுன் பையில் போட்டுக்கொண்டு போய் வீட்டுக் கோழிகளுக்கு இறைத்தார். மறுநாள் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

பதினெட்டு வயதில் இறால் படகுக்காரர் யூலிஸைக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை சாது. மாமியார் எல்மீர் அப்படியில்லை. கும்போ என்கிற எங்கள் ஊர்க் கறிக்குழம்புக்கு மாவு வறுப்பதைத் தன் பக்கத்தில் நின்று யாரும் சரியாகச் செய்து அந்த அம்மாள் பார்த்ததே கிடையாது. இரும்புச் சட்டியில் பன்றிக் கொழுப்பை உருக்கி, மாவைக் கொட்டி, முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிளற வேண்டும். செம்புக் காசின் நிறம் வந்து, அதையும் தாண்டிக் கறுப்புக் காபிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு கரும்புள்ளி தெரிந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். "மாவு அடுப்புல இருக்கறப்ப வாசல்ல பாப்பரசர் வந்து நின்னாலும் நிக்கட்டும்" என்பார் எல்மீர் அம்மாள்.

அக்காவுக்கு ஐந்து பிள்ளைகள். விடியும் முன்பே இறால் கொட்டகையில் உரிக்கிற வேலை. மூத்தவன் டோவிக் மட்டும் பிறந்திருந்த காலம், ஒரு நாள் அவனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல், இடுப்பை விட்டு இறங்கவில்லை. அன்று மாலை யூலிஸின் அண்ணன் தம்பிகள் சாப்பிட வருகிறார்கள். மாமியாரோ மாதா கோயிலுக்குப் போயிருந்தார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? கொழுப்பே இல்லாமல் வெறும் மாவைச் சட்டியில் பரப்பி ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு செபமாலை சொன்னார். கதவைத் திறந்து மாவை ஒரு குலுக்குக் குலுக்கினார். இன்னொரு செபமாலை, இன்னொரு குலுக்கு. நாலாவது முடியும்போது நிறம் வந்துவிட்டது.

அன்று இரவு எல்மீர் அம்மாள் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "இப்பத்தான்டி உனக்குக் கை வந்திருக்கு" என்றாராம்.

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினார். ஓவன் விஷயத்தை அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

"கிளறினேன்னு மாமியார்கிட்ட சொன்னியா?"

"இல்ல சாமி. அவங்க கேக்கல."

"அப்ப இதுல பாவம் எங்க இருக்கு? மாவு மிச்சம் இருந்தா எங்க சமையக்காரம்மாவுக்கும் கொஞ்சம் குடுத்து விடு."

அன்றிலிருந்து அக்கா மாவைக் கிளறியதே இல்லை. வாரத்துக்கு ஒரு முறை வறுத்து ஜாடியில் போட்டு வைத்துக்கொள்வார். ஐந்து பிள்ளைகளும் அதைத் தின்றுதான் வளர்ந்தார்கள். அது ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

யூலிஸ் அண்ணன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. போன தவக்காலத்தில் அக்காவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மாதா புண்ணியத்தில் பேச்சு வந்தது, நடை வந்தது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, ஒரு தம்ளரைத் தூக்கினால் நடுங்கும். வீடோ புயல் வெள்ளத்துக்குப் பயந்து தூண்கள் மேல் தூக்கிக் கட்டியது. பத்தொன்பது படி ஏற வேண்டும்.

நவம்பரில் முதல் வாடைக்காற்று அடித்த வாரம், டோவிக்கும் அவன் தங்கை ரெனெலும் வந்தார்கள். டோவிக்குக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, எண்ணெய்க் கம்பெனிப் படகில் வேலை. தீபடோ பட்டணத்து முதியோர் இல்லத்தில் ஓர் அறையைச் சொல்லி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தோடு வந்திருந்தான். நான் எர்லீன், பக்கத்து வீடு. அப்போது காபி குடித்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"பத்தொம்பது படிம்மா. ஒரு நாள் விழுந்தா யாரு பாத்துக்குவாங்க?"

"எர்லீன் பாத்துக்குவா. சன்னல் வழியா என்னைப் பாக்கறதைத் தவிர அவளுக்கு வேற என்ன வேலை?"

உண்மைதான். நான் காபியைக் குடித்தேன்.

"அங்க மூணு வேளையும் சாப்பாடு குடுப்பாங்க" என்றாள் ரெனெல்.

"அங்க இருக்கற என் சிநேகிதி பெர்த்தாவைப் பாக்கப் போனப்ப நானும் சாப்பிட்டேன்டி. கும்போன்னு ஒண்ணு வச்சான். தக்காளி போட்டிருந்தான்."

"அம்மா..."

"தக்காளி! அவளுக்காக ஒரு செபமாலை சொல்லிட்டு வந்தேன்."

எங்கள் பக்கத்தில் தக்காளி போட்டால் அது கும்போவே இல்லை; எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டோவிக் சிரிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன். காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "சரி. நாளைக்கு ஒரு பானை கும்போ நீயா ஆக்கு. யாரும் கரண்டியைத் தொடக் கூடாது. ஆக்கிட்டா இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். முடியலைன்னா கையெழுத்துப் போடணும்."

எங்கள் ஊரில் இது பெரிய வைத்தியரின் சோதனையைவிடப் பெரிய சோதனை. மாவு வறுக்கிறவளால் குடித்தனம் நடத்த முடியும், வறுக்க முடியாதவளால் முடியாது. அவ்வளவுதான் கணக்கு. ஒரு கையால் இரும்புச் சட்டியைப் பிடித்து, நடுங்குகிற மறு கையால் முக்கால் மணி நேரம் கிளற முடியாது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

"சரி" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "எர்லீன், நீ சாட்சிக்கு வா. எதையாவது தொட்டேன்னா உன் கையை ஒடிச்சிருவேன்" என்றார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டோவிக் அடுக்களையில் நாற்காலியைப் போட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். அக்கா உறைபெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்தார். வெங்காயம், செலரி, குடைமிளகாய் எல்லாம் கடையிலேயே நறுக்கி உறைய வைத்தது.

"பையில வந்த வெங்காயமா?"

"ஏன், உன்னைப் பாத்து அது அழுமா?"

தொத்திறைச்சியைக் கத்தரிக்கோலால் துண்டு போட்டார். கோழியைக் கடைக்காரனே வெட்டிக் கொடுத்திருந்தான். பிறகு அடுப்படியில் நிற்பார் என்று நாங்கள் பார்த்தால், மாவைச் சட்டியில் பரப்பி ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து செபமாலையை எடுத்தார்.

"எப்ப கிளறப் போற?" என்றான் டோவிக்.

"கிளறப் போறதில்ல."

"கிளறாம எப்படிம்மா? பாட்டி பாத்தா..."

"உங்க பாட்டி இருபது வருஷம் இதைத்தான் தின்னா. தின்னுட்டு எனக்குக் கை வந்துருச்சுன்னா. நீயும் பல் முளைச்ச நாள்லேர்ந்து இதைத்தான் தின்ன."

ரெனெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டோவிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் ஏமாத்தினியா? நான் படகுல ஆளாளுக்கு எங்கம்மா மாதிரி கிளற ஒருத்தரும் கிடையாதுன்னு சொல்லிட்டுத் திரியறேன்!"

"நீ சொன்ன பொய்யை நீதான் சாமியார்கிட்ட சொல்லணும், மகனே."

"இது செல்லாது. கிளறினாத்தான் செல்லும்."

"நீயா ஒரு பானை ஆக்குன்னு சொன்ன. கிளறுன்னு சொல்லல. எர்லீன், சொன்னானா?"

"இல்லக்கா, சொல்லல" என்றேன். ஆண்டவர் சாட்சியாக அவன் சொல்லவில்லை.

மூன்று செபமாலை ஆயிற்று. வறுத்த மாவின் வாசனை, பாதாம் வறுத்தது போல வீடெல்லாம் பரவியது. குலுக்குவதற்காக அக்கா இடது கையில் துணியைச் சுற்றிச் சட்டியை இழுத்தார். வலது கை தாங்க வந்தது, தாங்கவில்லை. சட்டி சரிந்தது. மாவு முழுதும் தரையில் கொட்டிப் பழுப்பு மணல் போலக் கிடந்தது.

நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

"பாத்தியாம்மா?" என்றான் டோவிக். மெதுவாகத்தான் சொன்னான்.

அக்கா தரையை ஒரு நிமிடம் பார்த்தார். "பாத்தேன். நல்ல நிறம். இன்னொரு தரமும் வரும்."

"அம்மா, போதும்."

"உனக்குப் போதும்னா நீ கிளம்பு. ரெனெல், நீ துடைப்பத்தை எடுக்கலாம், அது கரண்டி இல்ல."

மாவு டப்பாவைத் திரும்ப எடுத்தார். இந்தத் தடவை இரும்புச் சட்டியைத் தொடவில்லை. கேக் சுடுகிற இரண்டு சின்னத் தகரத் தட்டுகளில் பாதிப் பாதியாகப் பரப்பினார், இடது கையே போதும் என்கிற கனம். ஓவன் கதவைச் சாத்தினார்.

"எனக்கு மூணு மணிக்கு வேலை இருக்கு" என்றான் டோவிக்.

"மாவுக்கு இல்ல. சும்மா உக்காந்திருக்கறதுக்கு நீயும் செபம் சொல்லு."

சனிக்கிழமை என்பதால் செபமாலையில் சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்கிற நாள். டோவிக்கின் முகத்தைப் பார்த்தால் பெரிய வெள்ளிக்கிழமை போலிருந்தது. ஆனாலும் சொன்னான். நாலு பேரும் சொன்னோம், நாலு முறை. ஒவ்வொரு முறை முடிந்ததும் அக்கா இரண்டு தட்டுகளையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, குலுக்கி, உள்ளே வைத்தார். ஒரு பொட்டு மாவு கீழே சிந்தவில்லை.

பிறகு தண்ணீர். பெரிய பானையை நிரப்பித் தூக்க முடியாது. வெறும் பானையை அடுப்பில் வைத்துவிட்டுச் சின்ன ஜாடியில் குழாய்க்கும் அடுப்புக்குமாக நடந்தார். நான் எண்ணினேன், பதினாறு நடை. ஏழாவது நடையில் டோவிக் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"உக்காரு" என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

உட்கார்ந்தான்.

மாவும் கோழியும் மற்றதும் அந்தப் பானையில் கொதித்து முடிந்து சாப்பிடும்போது மணி மூன்றரை. சோற்றின் மேல் கும்போ, பக்கத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட். டோவிக் முதல் தட்டில் தலை நிமிரவில்லை. இரண்டாவது தட்டை அவனே போட்டுக்கொண்டான்.

"சட்டி விழுந்துச்சும்மா" என்றான் கடைசியில்.

"விழுந்துச்சு. மறுபடியும் விழும். விழுந்தா மறுபடியும் வறுப்பேன். இந்தப் பக்கத்துல விழாதது எது? இந்த வீடு ரெண்டு தரம் தண்ணில போச்சு, கட்டினோம். உங்கப்பா படகு மூழ்குச்சு, வேற வாங்கினோம். நான் சாக மாட்டேன்னு சொல்லலடா. சாகறதுக்கு முன்னாடி தக்காளி போட்ட கும்போ தின்ன மாட்டேன்னுதான் சொல்றேன்."

"ஒரு வருஷம் பாப்போம் அண்ணா" என்றாள் ரெனெல்.

"வருஷத்தை எண்ண நீ யாருடி? அது ஆண்டவர் வேலை."

டோவிக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான். படிக்கட்டின் உச்சியில் நின்று போன் பேசுவது அடுக்களை வரை கேட்டது. "ஆமா, ஷெரமி... அறை வேண்டாம்... இல்லங்க, உடம்பு நல்லாத்தான் இருக்கு... காரணமா?" அவன் காகிதத்தைக் கசக்குகிற சத்தம் கேட்டது. "காரணம் என்னங்க காரணம்? வரலைன்னா வரல!"

அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மகன் பேச்சு பிடித்துவிட்டது போல.

அவன் உள்ளே வந்து உட்காரப் போனபோது, எச்சில் தட்டுகளை இடது கையால் அவன் பக்கம் தள்ளினார்.

"இதைக் கழுவிட்டுப் போ. ஆக்க ஒரு கை போதும்டா, தேய்க்கத்தான் ரெண்டு கை வேணும்."