சோப்புத் தூளில் ஓர் எழுத்து

கல்யாணம் முடிந்த வாரமே விமானம் ஏறிவிட்டதால் எங்களுக்கு மறுவீட்டு விருந்து நடக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டுக்குப் போய் இலை முன் உட்கார்ந்து எழுந்தால்தான் அம்மாவுக்குக் கல்யாணம் முடிந்த மாதிரி. கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து ஃபோன் கார்டு போட்டுப் பேசும்போதெல்லாம், "மறுவீடு பாக்கி நிக்குது கண்ணு" என்பாள்.

என் கணவரோ, "கிரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கும்மா. இப்ப டிராவல் பண்ணா சிக்கலாயிடும்" என்றே வருஷங்களை ஓட்டினார். எனக்கு வேலைக்குப் போகவும் அனுமதி இல்லை. அபார்ட்மென்ட்டின் லாண்டரி ரூம்தான் எனக்கு வெளியுலகம்.

அங்கேதான் எதிர்வீட்டுச் சீனப் பெண் பழக்கமானாள். என் வயதுதான், என்னைப் போலவே கணவன் பின்னால் வந்தவள். ஊரில் பழைய சீன இலக்கியம் படித்தவளாம். ஒரு நாள் நான் அம்மா நினைப்பில் உம்மென்று நிற்க, வாஷிங் மெஷின் மூடியில் சிந்திக் கிடந்த சோப்புத் தூளில் விரலால் ஓர் எழுத்து எழுதினாள்: 歸. திரும்பி வருதல் என்று பொருள். வலப்பக்கம் இருப்பது துடைப்பமாம்.

"அங்கேயும் துடைப்பம்தானா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

பழைய நூல்களில், கல்யாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போவதற்கும் இதே எழுத்துதானாம். அவள் பிறந்த வீட்டை விட்டுப் போகவில்லை, தன் வீட்டுக்குத் திரும்புகிறாள் என்று அர்த்தம். எனக்குச் சுர்ரென்று வந்தது. பார்த்தேயிராத வீட்டுக்கு எப்படித் திரும்புவதாம்? இதை எழுதியவன் நிச்சயம் ஓர் ஆண்பிள்ளை என்றேன்.

"சரி, அம்மாவைப் பார்க்கப் போவதற்கு?"

அதற்கும் இதுதான், பக்கத்தில் 'அமைதி' என்று இன்னோர் எழுத்து சேரும் என்றாள். பெற்றவர்களின் நலம் கேட்டு, அவர்கள் மனத்தை ஆற்றப் போவது. அதை ஏனோ அவள் எழுதிக் காட்டவில்லை. அவளும் ஊருக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. டிரையர் நின்றதும் இருவரும் துணிகளை மடிக்க ஆரம்பித்தோம். எனக்கு அம்மா வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தொன்றில் கிரீன் கார்டு வந்தது. உடனே டிக்கெட் போட்டோம். ஈரோட்டில் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து அம்மா இலை போட்டுவிட்டாள். முகமெல்லாம் பூரிப்பு. பாயசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"எப்ப கண்ணு உங்க ஊட்டுக்குத் திரும்பறீங்க?"

பெற்றவள் வாயிலும் அதே எழுத்து. நான் இலையிலிருந்து நிமிரவில்லை.

"இப்பத்தானம்மா திரும்பி வந்திருக்கறேன்" என்றேன்.